எண்பது அடி

கேசட் ஓட ஆரம்பித்துவிட்டது. இனி இந்தப் பக்கம் முடிகிறவரை யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள், நானும் எதுவும் சொல்லவேண்டியதில்லை, அது ஒரு நிம்மதி. என் குழந்தை ஜோஷிகா மடியில் தூங்குகிறாள், ஏழு மாசம், தூக்கத்திலும் வாய் மட்டும் பால் குடிக்கிற மாதிரி அசைந்துகொண்டே இருக்கிறது. ஃப்ளோரா அக்கா பிரம்பு நாற்காலியில். நிவேதன் சார் தரையில், டேப் டெக்குக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு, காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்தபடி. நான் சமையலறை வாசலில், பாதி உடம்பு உள்ளே, பாதி உடம்பு ஹாலில். பாத்திரம் கழுவியாயிற்று, துணி உலர்த்தியாயிற்று, கிளம்பவேண்டிய நேரம். "வெயில் தாழட்டும் அம்சா, குழந்தையை வெச்சுக்கிட்டு எங்க போற, உக்காரு" என்று அக்கா சொன்னார்கள், உட்கார்ந்தேன். சொல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றிருப்பேன். ஏனென்றால் இது ராபின் அண்ணன் கேசட். அக்காவின் தம்பி. பெரம்பூரில் இந்தத் தெருமுனை வீட்டில் இருந்துகொண்டு தமிழில் ராக் பாட்டுப் பாடினவர். 'நாலாவது பிளாட்பாரம்' என்று அவர்கள் குழுவுக்குப் பெயர், ரெண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், அவர் குரல். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒன்பது பாட்டு போட்டு ஒரு ஆல்பம் செய்தார், அது வெளியே வரவே இல்லை, ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. எட்டுப் பாட்டு கிடைத்துவிட்டது. ஒன்பதாவதைத்தான் நிவேதன் சார் ஆறு மாசமாகத் தேடுகிறார், பாங்கில் வேலை, லீவு போட்டுவிட்டு வருவார், காலேஜ் படிக்கும்போது அண்ணன் பாடினதை ஒரு தடவை மேடையில் பார்த்தாராம், அதற்காக. ஒரு தடவை பார்த்ததற்கே இவ்வளவு. நான் தினம் பார்த்தவள். நேற்று கிட்டார் பெட்டியின் வெல்வெட் துணியை அக்கா வெயிலில் போட உரித்தபோது அடியில் இந்தக் கேசட் இருந்தது, மேலே ஒன்றும் எழுதாமல்.

கீச். டொக். கீச். டொக். பாட்டு இல்லை. நிவேதன் சார் முகம் சுருங்குகிறது. "ஊஞ்சல் சத்தம் மாதிரி இருக்கே." "எங்க வீட்ல ஊஞ்சல் ஏது சார்" என்கிறார்கள் அக்கா. "இல்லன்னா, கட்டில்..." என்று சொல்ல வந்தவர் அக்கா பார்த்த பார்வையில் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். எனக்குச் சிரிப்பு வந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்கிறேன். அப்புறம்தான் சிரிப்பு நிற்கிறது. கீச், டொக். அது ஊஞ்சல் இல்லை. என் ரெண்டு உள்ளங்கையும் அதற்குள் சூடாகிவிட்டது, மூளைக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது. இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் என்ன என்று நினைக்கிறேன். நிவேதன் சார் மடியில் அண்ணனின் நோட்டு திறந்திருக்கிறது, காலையில் காப்பி வைக்கும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தேன், ஏழாவதோடு நின்ற படிப்புதான், ஆனாலும் தமிழ் எழுத்து கூட்டி வாசிக்கத் தெரியும். ஒன்று, ரெண்டு, மூன்று என்று பாட்டுப் பெயர்கள், பக்கத்தில் டிரம்ஸ் அந்தோணி, டிரம்ஸ் அந்தோணி என்று எட்டு தடவை. ஒன்பதாவது: எண்பது அடி. அதற்கு நேரே டிரம்ஸ் என்று போட்டு, ஒரு 'அ', ஒரு புள்ளி. அவ்வளவுதான். "எட்டு வாட்டி முழுசா எழுதி கை வலிச்சிருக்கும், அதான் அ-ன்னு சுருக்கிட்டாரு" என்று நிவேதன் சார் சொன்னார். எண்பது அடி ரோட்டில் அண்ணனுக்கு ஒரு காதல் இருந்திருக்கும், அந்தப் பாட்டுதான் அது என்றும் சொன்னார், அதைப் பற்றி நாலு பக்கம் எழுதிக்கூட வைத்திருக்கிறார். அக்காவுக்கு அதெல்லாம் இல்லை. அக்கா சொல்வது ஒன்றுதான், அந்தோணி எடுத்துக்கொண்டு போய்விட்டான். சண்டை போட்டுக்கொண்டு மஸ்கட் போனவன் ஒன்பதாவது டேப்பையும் சுருட்டிக்கொண்டு போனான், அதனால் என் தம்பி ஆல்பம் நின்றது, அதனால் என் தம்பி மனசு விட்டுப்போனது. அந்தோணி அண்ணன் இப்போது ஆவடியில் இருக்கிறார். நிவேதன் சார் போன் போட்டுக் கேட்டதற்கு, "அந்தப் பாட்டுல நான் வாசிக்கவே இல்லீங்க" என்றாராம். வாசிக்காமலா உன் பேர் இருக்கு என்று அக்கா. சாவுக்கு வந்தவரை, சவப்பெட்டியைத் தூக்கக் குனிந்தவரை, "நீ தொடாதே" என்று அக்கா சொன்னதை நான் பார்த்தேன். அவர் கையை எடுத்துப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். சர்ச் வரைக்கும் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நாளைக்கு ஆல்பத்தோடு வைக்கிற சின்னப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. ஒன்பதாவது பாட்டு டிரம்ஸ் கலைஞர் அந்தோணியிடம் இருப்பதாக நம்பப்படுகிறது, அவர் தர மறுக்கிறார், அப்படி ஒரு வரி அதில் இருக்கிறது. நிவேதன் சார் அக்காவுக்கு வாசித்துக் காட்டியபோது நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வரி வந்ததும் துணியைப் பிழியாமல் வாளியில் போட்டுவிட்டேன்.

கீச், டொக். சரியாக அடிக்கிறார்கள். இது பட்டம்மா அத்தை கை. பட்டம்மா அத்தை ஆள் கனம், நின்ற இடத்தில் நின்றே அடிக்கும், கை ஏறுவதும் இறங்குவதும் ஒரே அளவு. தண்ணியில்லாத அந்த வருஷம், நான் ஏழாவது. லாரி வராது, குழாயில் காத்து. தெருவுக்கு மிச்சம் இருந்தது முனையில் இருந்த அடிபம்பு ஒன்றுதான், அதற்கும் ராத்திரி சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள், ஊற்று ஊறினால்தானே, பகல் பதினொன்றுக்குத்தான் திறப்பார்கள். அம்மா அந்த நேரத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும். பள்ளிக்கூடம் போனால் தண்ணி இல்லை, தண்ணி பிடித்தால் பள்ளிக்கூடம் இல்லை. நான் அழவில்லை, அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது, இங்கிலீஷ் டீச்சரிடமிருந்து தப்பித்த மாதிரி. இப்போதுதான் ஜோஷிகாவுக்கு ஊசி போடுகிற இங்கிலீஷ் அட்டையை நர்ஸ் வாசிக்கச் சொன்னால் உள்ளே என்னமோ சுருங்குகிறது. அடிதடி ஆகாமல் இருக்கத் தெருவில் ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு வீட்டுக்கு எண்பது அடி. குடம் ரொம்பினாலும் எண்பது, ரொம்பாவிட்டாலும் எண்பது, அடுத்த ஆள் வந்துவிடவேண்டும். வரிசையில் நிற்கிற எல்லாரும் சேர்ந்து சத்தமாக எண்ணுவார்கள், ஏமாற்ற முடியாது. எழுபதைத் தாண்டினால் பின்னால் நிற்பவள் குடத்தை இடிக்க ஆரம்பிப்பாள். "எண்பது அடி வாங்கிட்டியா" என்றுதான் தெருவில் ஒருத்தரை ஒருத்தர் கேட்போம். இது அக்காவுக்குத் தெரியாது, அக்கா அப்போது கல்யாணமாகி அரக்கோணத்தில். நிவேதன் சாருக்கு எப்படித் தெரியும், அவர் வீட்டில் மோட்டார் போட்டால் தண்ணி. காலையில் அந்தப் பெயரை வாசித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, ரோடும் இல்லை காதலும் இல்லை. தெரிந்தும் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான். சொல்லவேண்டியது தொண்டை வரை வரும், அப்புறம் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன்.

ராபின் அண்ணனும் வரிசையில் நின்றார். தனி ஆள், ஒரு மஞ்சள் குடம், ஒரு பக்கெட். பாட்டுக்காரர் என்று முன்னால் விட்டாலும் போகமாட்டார். நின்றுகொண்டு பம்பைப் பார்ப்பார், பார்ப்பது இல்லை, கேட்பது, கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டு. ஒரு நாள் ஜன்னலிலிருந்து ஒயரைச் சுருள் சுருளாக இழுத்துக்கொண்டு வந்தார். மைக்குக்கு ஒரு காலுறை மாட்டியிருந்தார், அதைப் பம்பின் கழுத்தில் கயிறு போட்டுக் கட்டினார். டேப் ரெக்கார்டர் ஸ்டூல் மேல். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்தார். "இன்னைக்கு மட்டும் யாரும் சத்தமா எண்ணாதீங்க, நான் எண்றேன்" என்றார். "பாட்டுக்காரருக்குக் கொடம் ரொம்பினா பத்தாது, காதும் ரொம்பணும்" என்று பட்டம்மா அத்தை. "எண்றேன்னு சொல்லிட்டு அறுபதுல நிறுத்திடப் போறீங்க, நாங்க விரல்ல வெச்சிருக்கோம்" என்று இன்னொருத்தி. அத்தை அடித்தது, இன்னும் ரெண்டு பேர் அடித்தார்கள், அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், நல்லா இருக்கு என்கிற ஆட்டம் இல்லை. "எல்லாரும் சரியா அடிக்கிறீங்க. சரியா அடிச்சா பாட்டு வரலையே" என்றார். அடுத்தது நான். எனக்கு அந்த இரும்புக் கை எட்டாது. எம்பிக் குதித்துப் பிடித்து, வயிற்றை அதன்மேல் போட்டுத் தொங்கி இறக்கவேண்டும், அப்புறம் கால் தரையில் பட்டு மறுபடி எம்பவேண்டும். அதனால் என் அடி நொண்டும். கீச், ஒரு இழுப்பு, டொக், அப்புறம் ஒன்றும் இல்லாத ஒரு இடம், அதில் நான் எம்பிக்கொண்டிருப்பேன். பத்து அடி அடித்ததும் அண்ணன் எழுந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நிறுத்தினேன். "நிறுத்தாதம்மா. அந்த எம்புற எடம் இருக்குல்ல, அதை விட்டுடாத. அந்தோணி பத்து வருஷமா தேடினது அது" என்றார். அதுவரை யாரும் என்னிடம் இருக்கிற எதையும் விட்டுவிடாதே என்று சொன்னதில்லை. நிமிர்ந்து உட்கார் என்பார்கள், சத்தமாகப் பேசு என்பார்கள், கையெழுத்தைத் திருத்து என்பார்கள். குள்ளமாக இருந்ததால் வந்த குறையை ஒரு பெரிய மனுஷர், கிட்டார் வாசிக்கிறவர், விட்டுவிடாதே என்கிறார். டேப்பை என் முதல் அடிக்குச் சுற்றிவிட்டு, மறுபடி ஒண்ணிலிருந்து ஆரம்பிக்கும் முன்னால், "உன் பேர் என்னம்மா" என்றார். சொன்னேனா, சொல்லவில்லையா. அதுதான் ஞாபகம் இல்லை. அதிலேயே போய்ப் போய் மாட்டிக்கொள்கிறேன். சொல்லியிருந்தால் அந்த 'அ' நான். சொல்லாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிற மாதிரி தலையைக் குனிந்திருந்தால், அது அந்தோணி. நானும் அ, அவரும் அ, அடிக்கும் அ. ஆசைதான் இப்படியெல்லாம் எண்ண வைக்கிறது என்று நினைக்கிறேன். வேலைக்காரிக்கு இருக்கிற ஆசையைப் பார் என்று அக்கா நினைக்கமாட்டார்கள், நல்லவர்கள், ஆனால் அந்த நொடி ஒரு பார்வை பார்ப்பார்கள் இல்லையா, அது.

பட்டம்மா அத்தை முடிந்து அடுத்தவள் ஆரம்பிக்கிறாள். "வேஸ்ட் டேப்புங்க இது" என்கிறார் நிவேதன் சார். "அடியில வாய்க்குள்ள ஏதோ முணுமுணுக்கிறாரு. குடிச்சிருந்தாரோ என்னமோ. அப்பப்போ ஒரு கம்பியைத் தட்டுறாரு, சுருதி சேர்க்கிறாரு போல." பத்து அடிக்கு ஒரு தடவை தட்டுகிறார், சார். முணுமுணுக்கவில்லை, எண்ணுகிறார். நான் சொல்லவில்லை, நினைக்கிறேன். ஜோஷிகா அசைகிறாள், மார்பில் பால் சுரந்து ரவிக்கை ஈரமாகிறது, தலைப்பை இழுத்து மூடிக்கொள்கிறேன். "ஒண்ணு பண்ணலாம் மேடம்" என்கிறார் அவர், "இந்த சத்தத்தை எடுத்துட்டா குரல் மட்டும் தனியா நிக்கும். இப்ப அதுக்கெல்லாம் வழி இருக்கு. ராபினோட கடைசிக் குரல்னு அரை நிமிஷம் வைக்கலாம்." சத்தத்தை எடுத்துவிட்டால். இதை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். இதே சொல். எங்கே. இரும்பு நாத்தம், ஈர மண், முட்டியில் சிராய்ப்பு. அதே வருஷம் மழை வருவதற்கு முன்னால், அண்ணன் வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறார், பட்டம்மா அத்தை கேட்கிறது, "எப்ப சார் உங்க கேசட்டு கடைக்கு வரும்." அண்ணன் பம்பைக் காட்டி, "இதை எடுக்கச் சொல்றாங்கம்மா. எடுத்தாத்தான் போடுவாங்களாம். நான் மாட்டேன்னுட்டேன்" என்கிறார். நான் என்ன செய்தேன், குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பம்பை எடுக்கப் போகிறார்களாம், புடுங்கப் போகிறார்களாம் என்று வீட்டு வீடாகச் சொன்னேன். சாயந்திரத்துக்குள் நாற்பது பொம்பளைகள் காலிக் குடத்தோடு கவுன்சிலர் வீட்டு வாசலில். அந்த மனுஷர், "யாருடி சொன்னது, எவன் எடுக்கறான் உங்க பம்பை" என்று கேட்டதற்கு எல்லாரும் என்னைக் காட்டினார்கள். அன்றைக்கு வாங்கினது எண்பது அடி இல்லை, அம்மா கையால் நாலு அடிதான், ஆனால் அதற்கப்புறம் நான் கேட்டதை யாரிடமும் சொல்வதில்லை என்று ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷம் ஆகிறதா, பதினொன்று ஆகிறதா. அவர்கள் பம்பைப் புடுங்கச் சொல்லவில்லை. பாட்டிலிருந்து பம்பை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேசட் கம்பெனி சொல்லியிருக்கிறது, அண்ணன் மாட்டேன் என்றிருக்கிறார். அதனால் நின்றிருக்கிறது. அந்தோணி ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆல்பம் நின்றது அந்தோணியால் இல்லை, கீச் டொக்கால், எம்புகிற இடத்தால், என்னால். என்னால்தானா. எட்டுப் பாட்டு, ஒரு மனுஷனின் பெயர், எல்லாம் ஒரு நொண்டி அடிக்காக. அக்காவிடம் இதைச் சொன்னால் அக்கா என் முகத்தை எப்படிப் பார்ப்பார்கள், நாளைக்குக் காலையில் கதவு திறக்கும்போது எப்படிப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் அந்தோணி அண்ணன் கை பாக்கெட்டிலேயே இருக்கும், அச்சில் வேறு ஏறும். ஆனால் பாருங்கள், பயத்துக்கு அடியில் இன்னொன்று மெதுவாக வந்து உட்காருகிறது. விட்டுக்கொடுத்திருக்கலாம் அவர். யார் கேட்கப் போகிறார்கள், பம்பு அடித்த பெண்ணா வந்து கேட்கப் போகிறது. விட்டுக்கொடுக்கவில்லையே. மாட்டேன் என்று சொல்லிவிட்டு மஞ்சள் குடத்தோடு வரிசையில் வந்து நின்றிருக்கிறார். இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஆளும் முடிகிறது. நிவேதன் சார் விரல் பொத்தானுக்குப் போகிறது. "நிறுத்திடறேன் மேடம், டெக் தலை தேயுது." என் குரல் வருகிறது, எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி. "நிறுத்தாதீங்க சார்." ரெண்டு பேரும் திரும்புகிறார்கள். அந்தப் பார்வைதான். காது மடல் எரிகிறது. ஜோஷிகாவைத் தோளில் போட்டுக்கொள்கிறேன், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால்தான் பேச முடியும். "அது அடிபம்பு சார். அண்ணன் எண்றாரு. குடிக்கல. ஒரு வீட்டுக்கு எண்பது அடி, அதான் பாட்டு பேரு. அடுத்தது அடிக்கப் போறது நானு." இதைச் சொல்வதற்குள் அது ஆரம்பித்துவிட்டது. கீச், இழுப்பு, டொக், ஒன்றும் இல்லாத இடம். கீச், இழுப்பு, டொக். நிவேதன் சார் வாயைத் திறந்தவர் மூடவில்லை. ஒண்ணு, ரெண்டு, என்று அண்ணன் எண்ணுவது இப்போது எல்லாருக்கும் கேட்கிறது, தெரிந்த பிறகு கேட்காமல் இருக்க முடியாது. பத்துக்கு ஒரு கம்பி. இருபதுக்கு ரெண்டு. எண்ணுவது மெல்லப் பாட்டாகிறது, எங்கே ஆனது என்று பிடிக்க முடியவில்லை, முப்பத்தி மூணைக் கொஞ்சம் தூக்குகிறார், முப்பத்தி நாலை அங்கேயே வைக்கிறார், நாற்பதில் கிட்டார் முழுசாக வந்து நான் எம்புகிற ஒவ்வொரு இடத்திலும் விழுந்து அதை நிரப்பாமல் தொட்டுவிட்டுப் போகிறது. "யம்மா" என்கிறார் நிவேதன் சார் மெதுவாக. ஐம்பது, அறுபது. வரப்போவது எனக்குத் தெரியும். எழுபத்தி ஒண்ணில் டொக் மாறுகிறது, கனம் போய் வெறும் தகரச் சத்தம். ஒரு சின்னப் பெண் குரல், மூச்சு வாங்க: "அண்ணா, காத்துதான் வருது." அண்ணன் குரல், பாட்டை நிறுத்தாமலே, சிரிப்போடு: "காத்து வந்தாலும் எண்பது எண்பதுதான் அம்சா. எழுபத்தி மூணு." பேரைச் சொல்லியிருக்கிறேன். சொல்லித்தான் இருக்கிறேன்.

எண்பதில் எல்லாம் நின்று, டேப் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடியது. அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். "சத்தத்தை எடுத்தாத்தான் போடுவோம்னு கம்பெனில சொன்னாங்களாம் அக்கா, அண்ணன் மாட்டேன்னுட்டாரு" என்று மிச்சத்தையும் சொல்லிவிட்டேன், ஒரு தடவை திறந்த வாய் மூடுவேனா என்கிறது. "என்னாலதான் நின்னு போச்சு போல." அக்கா என்னைப் பார்த்தார்கள். நான் பயந்த பார்வை இல்லை. "லூசு" என்றார்கள். "என் தம்பி ஒருத்தர் சொல்லி ஒரு காரியம் பண்ணினான்னு சரித்திரம் உண்டா." அப்புறம் கண்ணாடிக் கம்பியை மடக்கி மடக்கி நீட்டினார்கள். "நான் அவனைப் பெட்டியைத் தொட விடலையேடி." நிவேதன் சார் அச்சுக்குப் போகிற தாளை எடுத்து அந்த வரியை அடித்தார், பேனா கிழிக்கிற மாதிரி அடித்தார். மேலே டிரம்ஸ் என்று எழுதிவிட்டு, "உங்க முழுப் பேர் என்னங்க" என்றார். "அம்சவல்லி. டிரம்ஸ்னு வேணாம் சார். அடிபம்புன்னே போடுங்க." எழுதினார். பிறகு போனை எடுத்து ஆவடி நம்பரைப் போட்டு அக்காவிடம் நீட்டினார், அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். "எனக்கு அவன்கிட்ட எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நீ மொதல்ல பேசு அம்சா. அப்புறம் என்கிட்ட குடு." மணி அடித்தது. ஜோஷிகா தோளில் விழித்துக்கொண்டு போனைப் பிடிக்கப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் ஒரு கரகரத்த குரல், "ஹலோ, யாரு." நான் தலையைக் குனிந்துகொண்டேதான் இருந்தேன், ஆனாலும் குரல் வந்தது. "அம்சா பேசறேங்கண்ணா." "எந்த அம்சாம்மா?"

"உங்க எட்டுப் பாட்டுக்கு அப்புறம், ஒம்போதாவதுல அடிச்சவ."